டர்பனுக்குப் புதிதாக வரும் தமிழருக்கு: ‘கெட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லைக் கையாளும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குடியேறும் தமிழர் ஒருவர், பக்கத்து வீட்டுப் பெயர்ப்பலகையில் ‘பிள்ளை’ என்றோ ‘படையாச்சி’ என்றோ ‘மூட்லி’ என்றோ கண்டு, நம்மவர்தானே என்று தமிழில் பேச்சுக் கொடுத்தால், மறுமொழி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி, 1911 வரை, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே ஏராளம்; அவர்களில் மிகப் பலருக்கு இன்று ஆங்கிலமே வீட்டுமொழி. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், புரட்டாசியில் விரதம் இருப்பார்கள், ஆனால் சந்தையில் முருங்கைக்காய் விலை கேட்பது ஆங்கிலத்தில்தான். ஆகவே இங்கே காலூன்ற நினைப்பவர், பள்ளியில் படித்த ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல், தெருவில் புழங்கும் ஆங்கிலத்தையும் கற்றாக வேண்டும்.

அந்தத் தெரு ஆங்கிலத்தில் நம்மவரை அதிகம் திணற வைப்பது பெரிய சொற்கள் அல்ல. ‘கெட்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்தான். அகராதியைத் திறந்தால் இதற்குப் பக்கம் பக்கமாகப் பொருள் எழுதியிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்ய முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து. தமிழ் இலக்கணத்திலிருந்தே இந்தச் சொல்லுக்கு ஒரு நேர்வழி உண்டு. அந்த வழியாகப் போனால் பாதித் தொல்லை முதல் நாளே தீர்ந்துவிடும்.

முதற்படி: ‘எனக்கு’ என்பதை ‘நான்’ ஆக்குதல்

தமிழில் நாம் பல செய்திகளை ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குகிறோம். எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கடிதம் வந்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்குக் கோபம் வந்தது, எனக்குப் புரிந்துவிட்டது. இவற்றில் எழுவாய் ‘நான்’ அல்ல. வேலையும் கடிதமும் காய்ச்சலும் கோபமும்தான் எழுவாய்கள். நாம் அவை வந்து சேரும் இடமாக மட்டுமே நிற்கிறோம். ஆங்கிலம் இதைத் திருப்பிப் போட்டு, வந்து சேரும் இடத்தையே எழுவாயாக்கி, ‘கெட்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘காட்’ என்பதைப் பக்கத்தில் வைக்கிறது. ‘ஐ காட் அ ஜாப்’, ‘ஐ காட் அ லெட்டர்’, ‘ஐ காட் அ ஃபீவர்’, ‘ஐ காட் ஆங்ரி’, ‘ஐ காட் இட்’ என்னும் ஐந்தும் மேற்சொன்ன ஐந்து தமிழ் வாக்கியங்களுக்கு முறையே நிகரானவை. தமிழில் கிடைத்தல், வருதல், புரிதல் என்று வினைகள் மாறின. ஆங்கிலத்தில் ஒரே வினை எல்லாவற்றையும் சுமந்துவிட்டது.

இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. புதிதாக வந்து சேர்வதற்கும், ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதற்கும்தான் ‘கெட்’ பொருந்தும். ஏற்கெனவே இருந்துகொண்டிருப்பதற்குப் பொருந்தாது. எனக்குத் தமிழ் தெரியும், எனக்கு மீன் பிடிக்கும், எனக்குத் தண்ணீர் வேண்டும் என்பவற்றுக்கு ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’ என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது ‘ஐ ஆம் ஹங்ரி’. ‘எனக்குப் பசிக்கத் தொடங்கிவிட்டது’ என்பதுதான் ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’. தலைவலிக்கும் இதே கணக்குதான். மருத்துவரிடம் போய் ‘ஐ ஆம் கெட்டிங் அ ஹெடேக்’ என்றால், வலி இப்போதுதான் தலைகாட்டுகிறது என்று அவர் எடுத்துக்கொள்வார். இரண்டு நாளாக இருக்கிறதென்றால் ‘ஐ ஹேவ் ஹேட் அ ஹெடேக் ஃபார் டூ டேஸ்’ என்று சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் நாம் தாராளமாகப் பேசும் இரண்டு தொடர்களை இங்கே விட்டுவிடுவது நல்லது. ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்பதற்குப் பதிலாக ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்றோ, காதில் விழவில்லை என்றால் ‘சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்’ என்றோ கூறலாம். ‘ஐ காட் அ டௌட்’ என்றால் நீங்கள் அவரை நம்பவில்லை என்ற தொனி வந்துவிடும். நம் ஊரில் ‘சந்தேகம் கேட்பது’ என்று சொல்வதை இங்கே ‘கொஸ்டின்’ என்றே சொல்ல வேண்டும்.

சொல் வந்த வழி

இந்த வினை ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்ற வினை இருந்தது. பெறுதல், அடைதல் என்பதோடு பிள்ளை பெறுதல் என்பதும் அதன் பொருள். தமிழ் வாசகருக்கு இதில் விளக்கம் எதுவும் தேவையில்லை, ஏனென்றால் நம்முடைய ‘பெறு’ என்னும் வினையும் பரிசு பெறுவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் ஒன்றாகவே நிற்கிறது. ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டு வாக்கில் இச்சொல் ஆங்கில எழுத்தில் நிலைபெற்றுவிட்டது.

ஆங்கிலத்திலும் இதற்கு உறவான ஒரு பழைய வினை இருந்தது. ஆனால் அது தனியாக வழங்காமல் முன்னொட்டோடுதான் வழங்கியது. மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’, பிறப்பித்தலைக் குறிக்கும் ‘பிகெட்’ ஆகியவை அந்தக் கிளையில் வந்தவை. தென்னாப்பிரிக்காவில் வாழ்பவருக்கு இதன் இன்னொரு உறவும் காதில் விழும்: மறத்தலுக்கு, டச்சு வழிவந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் உள்ள ‘ஃபெர்கியட்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். இன்னும் பின்னே போனால், பற்றிப் பிடித்தல் என்னும் பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றுக்குப் போய்ச் சேரலாம். அதே வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்ததுதான் சிறையைக் குறிக்கும் ‘ப்ரிசன்’.

உச்சரிப்புக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. பழைய ஆங்கிலத்தில் எகர, இகரங்களுக்கு முன் வந்த ககர ஒலி யகரமாக மெலிந்துபோயிற்று. ‘யெட்’, ‘யீல்ட்’ போன்ற சொற்கள் அப்படி மெலிந்தவை. ‘கெட்’, ‘கிஃப்ட்’ போன்ற சொற்களில் ககரம் அழுத்தமாகவே நிற்பதற்குக் காரணம் நோர்ஸ் மொழியின் செல்வாக்கு. அந்தக் ககரத்தைத் ‘தங்கம்’ என்பதில் ஙகரத்துக்குப் பின் வருவதைப் போல ஒலிக்க வேண்டும். சொல்லின் முதலில் வருவதால் நாம் பழக்கத்தில் வல்லொலியாகச் சொல்லிவிடுகிறோம், அப்போது அது நம் ‘கெட்ட’ என்பதன் பாதி போல ஒலிக்கிறது. இங்குள்ளவர் பலர், குறிப்பாக வெள்ளையர், எகரத்தை இகரத்தை நோக்கி உயர்த்திப் பேசுவதால் ‘கிட்’ என்பது போலவும் காதில் விழும். அது வேறு சொல் என்று மயங்க வேண்டாம்.

இரண்டாம் படி: பின்னால் வருவதைப் பார்த்தல்

‘கெட்’ என்பதன் பொருளை அதன் பின்னே நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது. பெயர்ச்சொல் வந்தால் பெறுதல், வாங்குதல், போய் எடுத்துவருதல் ஆகியவற்றில் ஒன்று. ‘கெட் சம் ப்ரெட்’ என்று வீட்டில் சொன்னால் கடைக்குப் போய் வாங்கிவரச் சொல்கிறார்கள் என்றே பொருள். பண்புச்சொல் வந்தால் ஆகுதல்: ‘கெட் ஓல்ட்’ என்பது முதுமையடைதல், ‘கெட் டார்க்’ என்பது இருட்டுதல். இடத்தைக் காட்டும் சொல் வந்தால் போய்ச் சேர்தல். வழி கேட்கும்போது ‘வென் யூ கெட் டு த ரோபாட், டர்ன் லெஃப்ட்’ என்பார்கள். ரோபாட் என்பது இந்நாட்டில் போக்குவரத்து விளக்கு, ஆகவே இயந்திர மனிதன் எவனையும் தேடி நிற்க வேண்டாம்.

‘கெட் டு’ என்பதற்குப் பின் இடம் வராமல் வினை வந்தால் பொருள் மாறிவிடும். அப்போது அது வாய்ப்புக் கிட்டுவதைக் குறிக்கும். ‘ஐ காட் டு சீ த மேட்ச்’ என்றால் ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது என்று பொருள். இங்கேயும் ‘எனக்கு வாய்த்தது’ என்ற நம் வாக்கியமே அடியில் இருப்பதைக் காணலாம்.

மூன்றாம் படி: ‘படு’, ‘போ’, ‘கொள்’

செயப்பாட்டு வினையை ஆங்கில ஆசிரியர்கள் ‘வாஸ்’ என்ற துணைவினையோடுதான் கற்றுக்கொடுப்பார்கள். பேச்சில் அதன் இடத்தைப் பெரும்பாலும் ‘காட்’ பிடித்துக்கொள்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கு உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள நுட்பத்தை ஆங்கிலேயருக்கு விளக்குவதைவிடத் தமிழருக்கு விளக்குவது எளிது. ‘அவன் அடிக்கப்பட்டான்’ என்று நாம் எழுதுவோம், ஆனால் பேசும்போது ‘அடிபட்டான்’ என்போம். ‘என் போன் திருடப்பட்டது’ என்று புகாரில் எழுதுவோம், ஆனால் வீட்டுக்கு வந்து ‘போன் திருட்டுப் போய்விட்டது’ என்போம். பின்னதில் நேர்ந்துவிட்டதே என்ற தொனி இருக்கிறது. ‘மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்’ என்பதற்கும் ‘மை ஃபோன் காட் ஸ்டோலன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் அதுவே. எனவே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்திலும் காப்பீட்டு விண்ணப்பத்திலும் ‘வாஸ்’ என்று எழுதுங்கள். அண்டை வீட்டாரிடம் சொல்லும்போது ‘காட்’ போதும்.

தனக்குத்தானே செய்துகொள்வதற்கும் இந்த அமைப்பு உதவும். ‘கெட் ட்ரெஸ்ட்’ என்பது உடுத்திக்கொள்ளுதல், ‘கெட் மேரிட்’ என்பது மணம் செய்துகொள்ளுதல். நாம் ‘அவரோடு’ திருமணம் ஆயிற்று என்று சொல்லும் பழக்கத்தில் அங்கே ‘வித்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘டு’ வர வேண்டும்.

நான்காம் படி: பிறரைக் கொண்டு செய்வித்தல்

புதிதாக வந்தவருக்கு அலுவலகங்களில் மிகுதியாகத் தேவைப்படுவது இந்த அமைப்பு என்பதால் இதைச் சற்று நிதானமாகக் கற்க வேண்டும். ‘நான் வீடு கட்டினேன்’ என்று தமிழில் ஒருவர் சொன்னால், அவர் கொத்தனார் என்று யாரும் நினைப்பதில்லை. காசு கொடுத்துக் கட்டுவித்தார் என்று நமக்கு விளங்கிவிடும். ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் இதை இப்படி மொழிபெயர்த்தால் நீங்களே செங்கல் அடுக்கியதாகவும், நீங்களே கத்தரி பிடித்ததாகவும் ஆகிவிடும். செய்தவர் வேறு, செய்வித்தவர் வேறு என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் ‘காட்’, பிறகு பொருள், அதன் பிறகு வினையின் முடிந்த வடிவம் என்ற வரிசை வர வேண்டும்: ‘ஐ காட் அ ஹவுஸ் பில்ட்’, ‘ஐ காட் மை ஹேர் கட்’.

இந்நாட்டில் வங்கிக் கணக்குத் தொடங்கவோ, வீடு வாடகைக்கு எடுக்கவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ போனால், உங்கள் கடவுச்சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ‘கெட் இட் சர்ட்டிஃபைட்’ என்று திருப்பி அனுப்புவார்கள். நகலும் மூலமும் ஒன்றே என்று சான்று முத்திரை வாங்கி வரச் சொல்கிறார்கள். அந்த முத்திரையைக் காவல் நிலையத்தில் கட்டணமின்றிக் குத்தித் தருவார்கள், மூலத்தையும் கையில் கொண்டுபோக வேண்டும். பல நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையை ஏற்பதில்லை என்பதால் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் ‘ஐ நீட் டு கெட் தீஸ் காப்பீஸ் சர்ட்டிஃபைட்’ என்பது. ‘காப்பீஸ்’ என்ற சொல் நடுவில்தான் வர வேண்டும். கடைசிக்குத் தள்ளினால், உங்களுக்கே முத்திரை குத்தச் சொல்வது போலத் தொடங்கிவிடும். கார் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் உரிம வில்லையைப் புதுப்பிப்பதையும் இதே அமைப்பில்தான் சொல்வார்: ‘கெட் த டிஸ்க் ரின்யூட்’.

செய்கிற ஆளைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டுமானால் வரிசை மாறும். ‘ஐ காட் த லேண்ட்லார்ட் டு ஃபிக்ஸ் த கீசர்’ என்றால், வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வெந்நீர்க் கொதிகலனைச் சரிசெய்ய வைத்தேன் என்று பொருள். இதில் ‘டு’ கட்டாயம். ‘மேக்’ என்ற வினையோடு பழகியவர்கள் அதை விழுங்கிவிடுவார்கள். ‘மேட் ஹிம்’ என்பதில் வற்புறுத்தல் தெரியும். ‘காட் ஹிம் டு’ என்பதில் இணங்க வைத்த திறமை தெரியும். வீட்டுக்காரர் காதில் விழும் இடத்தில் பின்னதையே பயன்படுத்துவது உசிதம்.

ஐந்தாம் படி: ஏறுவதும் இறங்குவதும்

சிறு ஒட்டுச்சொற்கள் சேரும்போது ‘கெட்’ பல உருவம் எடுக்கும். முதலில் வண்டிக்குரியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். பேருந்து, ரயில் போன்றவற்றுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’; காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நம் ஊரில் பேருந்திலிருந்து இறங்குவதற்கு ‘கெட் டவுன்’ என்போம். இங்கே ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோதான் ‘டவுன்’. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் வண்டியேறுவதற்கு ஏறுதலைக் குறிக்கும் ‘க்ளிம்’ என்ற வினையே வழங்குவதால், அதன் சாயலில் ‘க்ளைம்ப்’ என்று ஆங்கிலத்தில் சொல்பவர்களையும் இங்கே கேட்கலாம். தமிழும் வண்டியில் ‘ஏறு’ என்றே சொல்வதால் நமக்கு அது விநோதமாகத் தெரியாது.

மற்றவற்றில் உடனே வேண்டியவை சில. ‘கெட் அப்’ எழுந்திருத்தல். ‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீளுதல். ‘கெட் பை’ கிடைப்பதை வைத்துக் காலம் தள்ளுதல். ‘கெட் அலாங் வித்’ ஒத்துப்போதல். ‘கெட் த்ரூ’ தொலைபேசியில் இணைப்புக் கிடைத்தல். ‘கெட் ஹோல்ட் ஆஃப்’ ஒருவரைத் தொடர்பு கொண்டு பிடித்தல். ‘கெட் அவே வித்’ தவறு செய்தும் தண்டனைக்குத் தப்புதல்.

‘கெட் பேக் டு’ என்பதற்குத் தனியாக ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்று அலுவலகத்தில் சொன்னால், பார்த்துச் சொல்கிறோம் என்பதற்கு மேல் அதில் உறுதிமொழி எதுவும் இல்லை. எந்தத் தேதிக்குள் என்று அப்போதே கேட்டு, பெயரையும் குறித்துக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம். இதோடு ‘ஜஸ்ட் நவ்’ என்ற தென்னாப்பிரிக்க வழக்கையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும். ‘ஐ வில் கெட் இட் ஃபார் யூ ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போதே எடுத்துத் தருகிறேன் என்பதல்ல, பிறகு எப்போதாவது தருகிறேன் என்பது. ‘நவ் நவ்’ என்று இரட்டித்துச் சொன்னால்தான் சற்று நேரத்தில் என்று நம்பி நிற்கலாம்.

‘ஹேவ் காட்’

‘காட்’ இறந்தகால வடிவம் என்று மேலே சொன்னேன். ஆனால் ‘ஹேவ் காட்’ என்று சேர்ந்துவிட்டால் காலம் நிகழ்காலமாகி, ‘என்னிடம் இருக்கிறது’ என்ற பொருள் வந்துவிடும். பெற்றுவிட்டேன், ஆகவே இருக்கிறது என்ற ஏரணம் இதன் அடியில் இருக்கிறது. சிற்றுந்து டாக்சிகளில் பயணிகள் கட்டணத்தைக் கைமாற்றி முன்னே அனுப்புவார்கள். முன்னிருக்கையில் இருப்பவர் எண்ணிச் சில்லறை திருப்ப வேண்டியிருக்கும். அப்போது ‘ஹேவ் யூ காட் சேஞ்ச்?’ என்ற கேள்வி உங்களை நோக்கி வந்தால், சில்லறை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘ஹேவ் காட் டு’ என்பதற்குப் பின் வினை வந்தால் கட்டாயம்: ‘ஐ ஹேவ் காட் டு கோ’, நான் போயாக வேண்டும். பேச்சில் இது ‘காட்டா’ என்று சுருங்கும்.

அமெரிக்கத் தொடர்களில் கேட்கும் ‘காட்டன்’ என்ற பழைய வடிவத்தை இங்கே பிள்ளைகளின் பள்ளி நோட்டில் எழுத விடாதீர்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் எழுத்திலும் இலக்கணத்திலும் பிரிட்டிஷ் மரபையே பின்பற்றுகின்றன. அம்மரபில், முறைகேடாகப் பெற்றதைக் குறிக்கும் ‘இல்-காட்டன்’ போன்ற சில கூட்டுச்சொற்களில் மட்டுமே அவ்வடிவம் எஞ்சியிருக்கிறது.

எழுத்தில் எங்கே தவிர்ப்பது

இவ்வளவு பழகிய பிறகு வேலை விண்ணப்பத்திலும் இதே சொல்லை இறைக்கத் தோன்றும். அங்கேதான் கையை அடக்க வேண்டும். கடிதம் கிடைத்ததற்கு ‘ரிசீவ்ட்’, பட்டம் பெற்றதற்கு ‘அப்டெய்ன்ட்’, ஆனதற்கு ‘பிகேம்’, வந்து சேர்ந்ததற்கு ‘அரைவ்ட்’, செய்வித்ததற்கு ‘அரேஞ்ச்ட் ஃபார்’ என்று எழுதுவதே முறை. குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்று தொடங்கினால் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனது போல இருக்கும். அதே நேரத்தில், கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் ‘டிட் யூ அப்டெய்ன் ரைஸ்?’ என்று கேட்பதும் சரியல்ல. ‘டிட் யூ கெட் ரைஸ், ஆன்ட்டி?’ என்றுதான் கேட்க வேண்டும். உறவே இல்லாத மூத்தவரையும் இங்கே ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று சேர்த்தே அழைப்பது நம்மவர் வழக்கம். வெறும் பெயரைச் சொல்லி அழைப்பதை மூத்தவர்கள் விரும்புவதில்லை.

பழகுவதற்கு, டர்பனிலிருந்து ஒலிபரப்பாகும் லோட்டஸ் எஃப்எம் வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். செய்தி அறிக்கையில் இச்சொல் அரிதாகவே வரும், நேயர் பேச்சில் நொடிக்கொரு முறை வரும். காதில் விழும் ஒவ்வொரு ‘கெட்’டுக்கும் எதிரே, அந்த இடத்தில் தமிழில் என்ன வினை வந்திருக்கும் என்று எழுதிப் பாருங்கள். கிடைத்தது, வந்தது, ஆயிற்று, பட்டது, போயிற்று, செய்வித்தான், சேர்ந்தான் என்ற ஏழில் ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடும். எதுவும் பொருந்தாவிட்டால் பக்கத்தில் ஓர் ஒட்டுச்சொல் நிற்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் இரண்டையும் ஒரே வினையாகச் சேர்த்து அகராதியில் தேட வேண்டும்.